சம்மணத்துக்கு வாங்கிய மூட்டு

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் ஆசை எனக்கு இருக்கவில்லை. என்னிடம் யாரும் கதை கேட்கவும் இல்லை. பொய் கேட்டுத்தான் வந்தார்கள்.

இரணியலில் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர் அன்னக்கிளி. அவருடைய கணவர் கிருஷ்ணமணி திங்கள்சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். போன வாரம் ஒரு காலையில் அன்னக்கிளி எங்கள் வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணாச்சி, நீங்க கதை எழுதுக ஆளுதானே? எங்க வீட்டுல உள்ளவியகிட்ட ஒரு பொய் சொல்லணும்."

"என்ன பொய்?"

"இடுப்புல புதுசா வைக்கப் போற மூட்டுலயும் தரையில சம்மணம் போட்டு இருக்கலாம்னு சொல்லணும். டாக்டரு முடியாதுன்னுட்டாவ. அதக் கேட்டதுலேருந்து ஆப்பரேசனே வேண்டாம்னு ஒரே பிடியா நிக்காவ. நான் சொன்னா நம்ப மாட்டாவ. நீங்க படிச்ச ஆளு. சொல்லுக விதமா சொன்னா நம்புவாவ."

நான் இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவன். இரண்டாவது தொகுப்பில் பாதிக்கு மேல் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நான் சொன்னால் ஒருவர் நம்புவார் என்று இன்னொருவர் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழம அவியள இங்க அனுப்புகேன். திங்கக்கிழம அட்மிசன் போடச் சொல்லியிருக்காவ. யோசிச்சு வையுங்க, அண்ணாச்சி."

யோசிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எழுதிப் பார்ப்பது. அதனால்தான் இது.

2

தொடக்கம்: கிருஷ்ணமணியின் இடது இடுப்பில் ஓர் உலோகப் பந்து ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் பதினைந்து ஆண்டுகளாக உரசிக்கொண்டிருந்தது.

[தப்பொன்றும் இல்லை. ஆனால் பந்து இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, ஆளைக் காணோம். அடித்தாயிற்று.]

இன்னொன்று: விடியற்காலைச் சந்தையில் செவ்வாழைக் குலைகளின் வாசம் மெல்ல

[இதை முடிக்கக்கூட இல்லை. ஊர்மணம் வேண்டுமே என்று வாழைக்குலையைத் தூக்கி முன்னால் வைக்கும் பழக்கம் என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது. அந்த மனிதர் மூன்று வருடமாகக் குலை தூக்குவதே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து விலை மட்டும் சொல்கிறார்.]

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுவதே நல்லது. முன்னுக்குப் பின்னாக மாற்றி வைத்து உங்களைச் சுற்றலில் விட எனக்கு இப்போது தெம்பில்லை.

3

2009. கிருஷ்ணமணிக்கு நாற்பத்தேழு வயது. தொடை எலும்பின் பந்து ரத்த ஓட்டம் நின்று உளுத்துப் போயிருந்தது. நொண்டி நொண்டித்தான் சந்தைக்குப் போய்வந்தார். எல்லைக்கு அப்புறம், கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மூட்டை மாற்றிவிடலாம் என்றார்கள். (பெயர் வேண்டாம். பெயரை எழுதினால் உங்கள் கோபம் அந்த ஒரு வாசலில் போய் நின்றுவிடும்.)

மாற்றுவதற்கு இரண்டு வகை இருந்தது. ஒன்று, உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும். வெகுகாலமாக எல்லோருக்கும் வைத்து வருவது. இதை வைத்தால் தரையில் உட்காரக் கூடாது, மூட்டு நழுவலாம் என்றார் டாக்டர். இன்னொன்று புதிது. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். பந்து பெரியது என்பதால் லேசில் நழுவாது. விலை கூடுதல். இதைக் காட்டியவர் டாக்டர் இல்லை, கம்பெனியின் ஆள். கழுத்தில் டை, கையில் பெட்டி. மாதிரி மூட்டை மேசைமேல் வைத்துச் சுழற்றிக் காட்டினாராம். வெண்ணெயில் விட்ட விரல் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது என்று அன்னக்கிளி இன்றைக்கும் சொல்கிறார்.

கிருஷ்ணமணி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இதுல தரையில இருக்கலாமா?"

"சம்மணம் போட்டே இருக்கலாம், சேட்டா. ஆயுசுக்கும் இருக்கும்."

டாக்டர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார்.

4

தரை ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். கதைக்குள் விளக்கம் வரக் கூடாது என்பார்கள். சொல்பவர்கள் இரணியலுக்கு வந்ததில்லை.

கிருஷ்ணமணி அய்யாவழிக்காரர். தெருக்கோடியில் இருக்கும் அவர்கள் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலுக்கு ஞாயிறு தவறாமல் போகிறவர். தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் இட்டு, எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து உகப்படிப்பு என்னும் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். அது முடிந்தபின் தர்மச் சோற்றை அதே தரையில் வரிசையாக இருந்து சாப்பிட வேண்டும். அங்கே மேலே ஒருவர், கீழே ஒருவர் என்பது கிடையாது. இவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் முன்னால் இவர்கள் உட்காரவே முடியாது, நிற்கத்தான் வேண்டும், அதுவும் இத்தனை அடி தள்ளி. ஆகவே நாலு பேரோடு சமமாகத் தரையில் இருப்பது அவருக்கு வெறும் வழக்கம் இல்லை.

தாங்கலில் நாற்காலி கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முட்டுவலிக்காரர்களுக்காக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரம் கிடக்கிறது. அதை ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

"கெடக்கு தம்பி. இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. எல்லாரும் தாழ இருக்கும்ப நான் மட்டும் மேல இருந்துட்டு என்னத்த கும்பிட?"

நடக்க வேண்டும் என்றால் இரண்டு வகை மூட்டும் போதும். அவர் கூடுதல் விலை கொடுத்து வாங்கியது தரையில் உட்காருவதற்கு. வாங்கி, உட்கார்ந்தும் இருக்கிறார், பன்னிரண்டு வருடம். பெட்டிக்காரன் சொன்னது அத்தனை காலம் உண்மையாகத்தான் இருந்தது. இதை நான் மறைத்தால் அவனைவிடப் பெரிய புளுகன் ஆகிவிடுவேன்.

5

மூன்று வருடத்துக்கு முன்னால் தொடை இடுக்கில் வலி தொடங்கியது. பிறகு ஒரு சத்தம். தாங்கலில் தரையிலிருந்து எழும்போது இடுப்புக்குள் கீல் கிறீச்சிடுவது போலக் கேட்டு, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். கிருஷ்ணமணி வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னார். அன்னக்கிளி கொட்டித் தீர்த்துவிட்டார்.

"தலதலயா அடிச்சேன். வயசு ஏறுது, தரையில இருக்காதிய, இருக்காதியன்னு. கேட்டியளா? மடக்கி மடக்கி அந்த இரும்ப* ஒடச்சாச்சு."

அன்றோடு தாங்கலுக்குப் போவது நின்றது. அன்னக்கிளி விடவில்லை என்பது பாதிதான் சரி. கிருஷ்ணமணியும் அதை நம்பினார். தரை தரை என்று ஆசைப்பட்டு, கூடுதல் விலை மூட்டு வாங்கி, அதையும் ஆசைப்பட்டே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தார். ஞாயிறு காலையில் தாங்கல் மைக்கில் உகப்படிப்பு கேட்கும்போது முன்னறையில் நாற்காலியில் இருந்துகொண்டு உதட்டை மட்டும் அசைப்பார். தெருவில் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு என் வழியே போயிருக்கிறேன்.

* அன்னக்கிளி சொல்கிற இரும்பு, இரும்பு இல்லை. கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம். நான் திருத்தப் போனேன். "எதுவானா என்ன, சவம்" என்று அந்த மூட்டையே திட்டினார். அதற்குமேல் திருத்தவில்லை.

6

மகள் சபிதா குவைத்தில் நர்ஸ். இந்த வருடத் தொடக்கத்தில் அப்பாவின் எக்ஸ்ரேயைப் போனில் வாங்கிப் பார்த்தவள், ரத்தத்தில் கோபால்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தால், இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. உடனே எனக்கு ஆங்கிலக் கட்டுரைகளாக அனுப்பித் தள்ளிவிட்டாள். "அங்கிள், இத அப்பாவுக்குப் புரியும்படியா சொல்லணும்" என்று கூடவே குரல் பதிவு.

கண் எரிய எரியப் படித்தேன். சாரம் இதுதான். உலோகப் பந்தும் உலோகக் கிண்ணமும் உரச உரச, கண்ணுக்குத் தெரியாத தூள் உதிர்கிறது. சுற்றியுள்ள சதை செத்துப் போகிறது. தூள் ரத்தத்தில் கலந்து காதுக்குப் போகலாம், இதயத்துக்கும் போகலாம். நல்ல மூட்டுகளில் பத்து வருடத்தில் நூற்றுக்கு ஐந்துகூட மாற்ற வேண்டி வருவதில்லை. கிருஷ்ணமணிக்கு வைத்த வகையில் ஐந்தே வருடத்தில் பன்னிரண்டு, பதிமூன்று. பின்னால் வந்த கணக்குகளில் அது இன்னும் ஏறியிருக்கிறது. அவருக்கு வைத்த மறு வருடமே அந்த மூட்டைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

திரும்பப் பெறுவது என்பதை யோசித்துப் பாருங்கள். பிஸ்கட் பொட்டலத்தைத் திரும்பப் பெறலாம், காரைத் திரும்பப் பெறலாம். ஒருவர் இடுப்புக்குள் போய்விட்டதை? முறையாகத் தேடி வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிருஷ்ணமணி அதன்மேல்தான் ஞாயிறு ஞாயிறாகச் சம்மணம் போட்டிருந்திருக்கிறார். சம்மணம் போடாவிட்டாலும் இதே கதிதான். சந்தைக்கு நடந்து போய் வந்தாலே தூள் உதிரும்.

இதையெல்லாம் நான் போய்ச் சொன்னேன். அந்தக் காட்சியை முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

கிருஷ்ணமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூறு குலையில பன்னெண்டு குலை அழுகிருந்தா, அடுத்த சந்தைக்கு அந்தத் தோட்டக்காரன்கிட்ட யாரும் குலை எடுக்க மாட்டோம், தம்பி."

[நல்ல வசனம். நான் எழுதிக் கொடுத்தது. அவர் உண்மையில் சொன்னது, "அப்பிடியாக்கும்?" அவ்வளவுதான்.]

பேசியது அன்னக்கிளிதான். "அப்பம் தரையில இருந்ததுனால இல்லியா?"

"இல்ல."

"நான் மூணு வருசம் போக விடல்லியே." அவர் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையை அடக்கினாரா, தன் வாயையே அடக்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை. கிருஷ்ணமணி எழுந்து அவரிடம் போகப் பார்த்தார், உடனே எழ முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"விடு, ஏட்டி. நானும்தானே நம்புனேன்."

அந்த ஞாயிறு அவர் தாங்கலுக்குப் போனார். தலைப்பாகை கட்டி, தரையில் சம்மணம் போட்டு இருந்தார். வலியில் உயிர் போயிருக்கும். திரும்பத் தூக்கிவிட மூன்று பேர் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த முகத்தை நான் பார்த்தேன், அதைப் பற்றி எழுத முயன்று விட்டுவிட்டேன். சந்தோஷமான முகத்தை எழுத எனக்குப் பழக்கமில்லை.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அடுத்த வாரம் நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். நானும் கூடப் போனேன், ஆங்கிலத்துக்காக. அவர் படங்களைப் பார்த்தார். மூட்டைச் சுற்றிச் சதை கெட்டு நீர்க்கட்டி கட்டியிருக்கிறது, இனியும் தள்ளிப்போட்டால் புது மூட்டைப் பிடித்துக்கொள்ளச் சதையே இருக்காது, கோபால்ட் ஏறிக்கொண்டே போனால் இதயத்துக்கு ஆபத்து என்றார். ஒளிக்காமல் பேசுகிறவர். அதனாலேயே அடுத்ததையும் ஒளிக்கவில்லை.

"இது ரெண்டாவது ஆபரேஷன். சதை பலவீனமா இருக்கு. புது மூட்டு நழுவறதுக்கு வாய்ப்பு அதிகம். இனி தரையில உட்காரவே கூடாது. ஒரு தடவைகூட."

கிருஷ்ணமணி வேட்டியைச் சரி செய்துகொண்டார். "அப்பம் வேண்டாம்."

"ஐயா, இது உயிர்ப் பிரச்சினை."

"எம்மேல தப்பில்லன்னு இப்பம்தான் தெரிஞ்சிது, அம்மா. ஒரே ஒரு வாரம்தான் போயிருக்கேன். அதுக்குள்ள வேண்டாம்னு சொன்னா எப்பிடி?"

[இங்கே நான் அவரைச் சந்தேகிக்கிறேன். ஒரு மனிதர் தரையில் உட்காருவதற்காக உயிரை விடத் துணிவாரா? வாசகர் நம்புவாரா? பாத்திரத்தைக் கொஞ்சம் இளக்கலாமா, ஆபரேஷனுக்குப் பயம் என்று ஒரு வரி சேர்க்கலாமா? சேர்த்துப் பார்த்தேன். அவருக்கு ஆபரேஷன் பயம் கிடையாது. எடுத்துவிட்டேன். அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. மூன்று வருடம் நாற்காலியில் இருந்தது போதாதென்று இரண்டாம் தடவையும் தன்னைத் தூக்கி மேலே உட்கார வைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறார். இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது.]

8

அன்னக்கிளி பொய் கேட்டு வந்த அன்று நான் சும்மா இருந்துவிடவில்லை. ஒன்று சொன்னேன்.

"அந்தப் பெட்டிக்காரன் சொன்ன அதே பொய்யில்லியா இது? ஒருக்க அத நம்பித்தானே இவ்வளவும்."

"அதே பொய்தான், அண்ணாச்சி. அவன் விக்கதுக்குச் சொன்னான். எனக்கு ஆளு வேணும்."

அவர் போனபின் முடிவுகளை எழுதி எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவு. கிருஷ்ணமணி ஆபரேஷன் முடிந்து தாங்கலுக்கு வருகிறார். வாசலிலேயே நின்றுவிடுகிறார். உள்ளே அத்தனை பேரும் நாற்காலியில் இருக்கிறார்கள், அவருக்காக. யாரும் மேலே இல்லை, கீழே இல்லை. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கலங்கினால் உஷாராகிவிட வேண்டும் என்பது என் அனுபவம். ஆறு நாள் நின்று வேலை செய்துவிட்டுத் தரையில் காலை நீட்டுவதற்கென்றே வரும் பெண்களை நான் எந்த உரிமையில் நாற்காலியில் ஏற்றுகிறேன்? அதுவும் போக, "எனக்காக எல்லாரையும் தூக்கி மேல இருத்த வேண்டாம்" என்று சொல்லி அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

இன்னொன்று. நான் பொய்யைச் சொல்லத் தொடங்கும் முன்னால் அவரே சிரிக்கிறார். "அன்னக்கிளி சொல்லச் சொன்னதுதானே? சொல்லுங்க. நம்பிட்டேன்னு நான் அவகிட்ட சொல்லிக்கிடுகேன்." இது என் மனைவிக்குப் பிடித்திருந்தது. பத்திரிகைக்கு அனுப்பினால் போட்டுவிடுவார்கள். ஆனால் இது என் வசதிக்குச் செய்த முடிவு. பொய்யும் சொல்லிக்கொள்ளலாம், பழியும் வராது. உண்மையான கிருஷ்ணமணி நம்புகிறவர். சூது வாது இல்லாமல் நம்புகிறவர். பெட்டிக்காரனை நம்பினார், அன்னக்கிளி திட்டியதை நம்பினார், நான் படித்துச் சொன்ன கணக்கை நம்பினார். இதையும் நம்புவார். அதுதான் கஷ்டம்.

மூன்றாவது. அய்யாவழியில் எரிப்பது கிடையாது, அடக்கம்தான். ஆகவே அந்த உலோகம் அவரோடு மண்ணுக்குள்

[வேண்டாம். இரண்டு வீடு தள்ளி அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார்.]

9

இன்று ஞாயிறு. வந்திருக்கிறார்.

தாங்கலுக்குப் போகவில்லை. போன ஞாயிறும் போகவில்லையாம், மூன்று பேரைத் தூக்க வைப்பது சங்கடமாக இருக்கிறது என்கிறார். என் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இடது காலை நீட்டி இருக்கிறார். கறுத்த காப்பி கொடுத்தேன், குடித்தார். ஏத்தன் வாழைக்குலை விலை பற்றிக் கொஞ்சம் பேசினோம். அன்னக்கிளி என் மனைவியோடு அடுக்களையில் இருக்கிறார். அவர் காது இங்கேதான் இருக்கிறது.

பிறகு அவர் தம்ளரைத் தரையில் வைக்கக் குனிந்து, முடியாமல், ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, நீங்க நெறையப் படிச்சிருப்பிய. டாக்டரம்மா சும்மா பயங்காட்டுகாவளோன்னு ஒரு சம்சயம். புதுசுல தரையில இருக்கலாமா?"

இரண்டு பதில்தான் இருக்கிறது. இரண்டையும் எழுதினேன், இரண்டையும் அழித்தேன். இருக்கலாம் என்று சொன்னால் நாளைக் காலையில் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். குணமாகி, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சொன்னதை நம்பி, தாங்கலில் எல்லோர் நடுவிலும் சம்மணம் போடுவார். அங்கேயே புது மூட்டு கழன்று போகலாம். முடியாது என்று சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். நாளை எங்கும் போக மாட்டார். அன்னக்கிளி என் முகத்தில் விழிக்க மாட்டார். எத்தனை நாள் இருப்பார் என்பதற்கு சபிதா அனுப்பியதில் எந்தக் கணக்கும் இல்லை.

எனக்கு அலுத்துவிட்டது. நான் எப்போதும் எழுதி முடித்துவிட்டு எழுந்து போகிறவன், இப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு என் வாயைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. இவ்வளவு தூரம் வாசித்தவர் நீங்கள். இனி என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவர் பார்த்துக்கொண்டிருப்பது உங்களைத்தான்.

எதைச் சொன்னாலும் சரி, சொல்லிவிட்டு உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். "செரி தம்பி, அப்பம் நான் வரட்டா" என்பார். இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்ப்பார், முதல் தடவை எழ வராது. கை கொடுத்தால் வேண்டாம் என்பார். அவர் எழுந்து நிற்க நேரமாகும். அதுவரைக்கும் நீங்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.